விதையிலிருந்து கொய்மலர் வரை: ஓராண்டு ஃப்ளாக்ஸ் வளர்க்க முனைவோருக்கு

ஓசூர்ப் பக்கம் ரோஜாவைப் பற்றியோ ஜெர்பெராவைப் பற்றியோ கேட்டால், யோசனை சொல்லப் பத்துப் பேர் முன்வருவார்கள். ஃப்ளாக்ஸ் என்றால், "அது தொட்டியில் வைக்கிற பூதானே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். விதைப் பொட்டலத்தின் பின்புறக் குறிப்பும் பெரிதாக உதவுவதில்லை. அதில் பெரும்பாலும் குளிர்நாட்டுக் காலண்டரே இருக்கும். உறைபனி முடிந்ததும் விதைக்கச் சொல்லும் அந்த வரியை நம்பி இங்கே மார்ச், ஏப்ரலில் விதைத்தால், முளைத்த சொற்பமும் பூக்கும் முன்பே வெயிலில் வதங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே தட்டுத்தடுமாறி நான் தெரிந்துகொண்டவற்றை, புதிதாகத் தொடங்குபவருக்குப் பயன்படும் வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். அளவுகள் அனைத்தும் 100 சதுர அடிப் பாத்திக்கானவை. அது கால் சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. முதல் ஆண்டு அதற்கு மேல் போக வேண்டாம்.

1. விதைக்கும் தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

விதை வாங்குவதற்கும் முன்பு செய்ய வேண்டிய வேலை இது. ஓராண்டு ஃப்ளாக்ஸ், ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து முடிந்துவிடும், குளிர்ந்த பருவத்தை விரும்பும் செடி. விதை நன்றாக முளைக்க 15 முதல் 20 டிகிரி வெப்பம் போதும். அதற்கு மேலே ஏற ஏற முளைப்பு குறையும். பூக்கும் காலத்திலும் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிவிட்டால் தண்டு குட்டையாகி, பூங்கொத்து சிறுத்துப்போகும். விதைத்ததிலிருந்து முதல் அறுவடைக்குப் பத்து முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு, உங்கள் ஊரில் குளிர் எந்த மாதங்களில் நிலைக்கிறதோ அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, பெங்களூரு போன்ற மேட்டு நிலப் பகுதிகளில் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை விதைக்கலாம். டிசம்பரில் அறுவடை தொடங்கி பிப்ரவரி வரை கிடைக்கும். கோவை, திருச்சி, மதுரை போன்ற சமவெளிகளில் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய இடைஞ்சல். அங்கே நவம்பர் முதல் பாதியில் கூரைக்குக் கீழே விதைத்து, மழை ஓய்ந்த டிசம்பரில் நடவு செய்தால், ஜனவரி கடைசியில் பூ பார்க்கலாம். ஆனால் மார்ச் பிறந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். உதகை, கொடைக்கானல் பகுதிகளில் கணக்கு முற்றிலும் வேறு. டிசம்பர், ஜனவரி உறைபனி நாற்றைக் கருக்கிவிடும் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் விதைப்பதே சரி. சென்னையின் ஈரக்காற்றில் இதைக் கொய்மலராக, அதாவது தண்டோடு வெட்டி ஜாடியிலும் பூங்கொத்திலும் வைக்கும் பூவாக, வளர்க்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மாடியில் நான்கு தொட்டி வைத்து மகிழலாம், அவ்வளவே.

எந்த ஊராக இருந்தாலும் எல்லா விதையையும் ஒரே நாளில் போட வேண்டாம். மூன்று வார இடைவெளியில் இரண்டு தவணையாகப் போட்டால், ஒரு தவணை மழையில் போனாலும் மற்றது கைகொடுக்கும். பூவும் ஒரே வாரத்தில் குவியாமல் தொடர்ந்து வரும்.

2. உயரமான வகையின் விதையைத் தேடி வாங்குங்கள்

பலர் இடறி விழும் இடம் இதுதான். நம் ஊர் விதைக்கடைகளிலும் இணையக் கடைகளிலும் "ஃப்ளாக்ஸ் கலப்பு" என்ற பெயரில் கிடைப்பதில் பெரும்பங்கு, பூங்கா ஓரங்களுக்காக உருவாக்கப்பட்ட குட்டை வகைகள். அவை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்திலேயே பூத்துவிடும். பூ எத்தனை அழகாக இருந்தாலும், அந்தத் தண்டை வெட்டி ஜாடியில் வைக்க முடியாது. எந்த உரம் போட்டும் குட்டை வகையை உயரமாக்க இயலாது. ட்விங்கிள், பியூட்டி என்ற பெயர்கள் பொட்டலத்தில் இருந்தால் அது குட்டை வகை என்று புரிந்துகொண்டு விலகிவிடுங்கள். கிராண்டிஃப்ளோரா, க்ரீம் ப்ரூலே, செர்ரி கேரமெல் ஆகியவை கொய்மலருக்கு ஏற்றவை. நல்ல பராமரிப்பில் 40 முதல் 50 சென்டிமீட்டர் வரை வளரும். க்ரீம் ப்ரூலேயின் மங்கலான பாலேட்டு நிறத்தைப் பூங்கொத்து கட்டுபவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். பளிச்சென்ற சிவப்பும் ஊதாவும் கலந்த கிராண்டிஃப்ளோரா வீட்டு ஜாடிக்கு எடுப்பாக இருக்கும். பல்லாண்டு ஃப்ளாக்ஸ் என்று தனியே ஒரு செடி உண்டு. அதன் விதை முளைக்கக் குளிரூட்டல் வேண்டும், ஓராண்டு வகைக்குச் சொல்லும் முறை எதுவும் அதற்குப் பொருந்தாது. ஆகவே பொட்டலத்தில் ஃப்ளாக்ஸ் டிரம்மண்டி என்ற தாவரப் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பொட்டலத்தில் படிக்க வேண்டியவை வகைப் பெயர், குவியல் எண் (லாட் எண்), முளைப்புத்திறன் சதவீதம், சோதனை செய்த நாள், எந்த நாள் வரை செல்லும் என்பது, நிகர எடை ஆகியவை. வெள்ளைக் காகித உறையில் கையால் "ஃப்ளாக்ஸ்" என்று எழுதி விற்கும் மறுபொட்டலங்களில் இவை எதுவும் இருக்காது; விலை குறைவு என்பதற்காக அவற்றை வாங்குவது வீண். ஒரு கடையில் "உயர வகை" என்று உறுதி சொல்லி எனக்கு விற்ற விதை முழுவதும் சாண் உயரத்தில் பூத்து நின்றது. பற்றுச்சீட்டில் வகைப் பெயர் எழுதப்படாததால் அவர்களிடம் எதையும் கேட்க முடியவில்லை. அதனால் பற்றுச்சீட்டில் வகைப் பெயரையும் குவியல் எண்ணையும் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். காலிப் பொட்டலத்தையும் அறுவடை முடியும் வரை தூக்கி எறியாதீர்கள்.

வெளிநாட்டு இணையக் கடையில் நேரடியாக விதை வாங்கலாமா என்ற கேள்வி எல்லோருக்கும் எழும். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, விதைப்பதற்கான விதை இந்தியாவுக்குள் வர இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இவை இல்லாமல் சாதாரண அஞ்சலில் வரும் உறையை நிறுத்திவைக்கவும் அழிக்கவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. கொடுத்த பணம் திரும்பாது. ஒரு கிராம் விதைக்காக அந்த நடைமுறைக்குள் இறங்குவது பொருளற்றது. முறைப்படி இறக்குமதி செய்து உள்நாட்டில் விற்பவரிடம் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே நல்லது.

ஒரு கிராமில் சுமார் 500 விதை இருக்கும். 100 சதுர அடிக்கு ஒன்றேகால் கிராம் போதும்.

3. செலவு எவ்வளவு ஆகும்

கீழே உள்ளவை சில்லறைக் கடைகளில் நான் கொடுத்த தொகையை ஒட்டியவை. இடத்துக்கு இடம் மாறும். உயர வகை விதைக்கு 400 முதல் 600 ரூபாய் வரை ஆகும். இதுவே பெரிய செலவு. 98 குழிகள் கொண்ட குழித்தட்டு மூன்றுக்கு 75 ரூபாய், 5 கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டி ஒன்றுக்கு 200 ரூபாய், தொழுவுரம், மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு மூன்றும் சேர்த்து 350 ரூபாய், டிரைக்கோடெர்மா விரிடியும் (வேரழுகலைத் தடுக்கும் நன்மை தரும் பூஞ்சை) நனையும் கந்தகமும் (நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) 200 ரூபாய், தாங்கு வலைக்கான குச்சியும் கயிறும் 200 ரூபாய். ஆகமொத்தம் 1,500 ரூபாயை ஒட்டி நிற்கும். குழித்தட்டைக் கவனமாகக் கையாண்டால் மூன்று நான்கு பருவங்களுக்கு வரும்.

சிறு பாத்திக்குப் பூவாளியோ துளையிட்ட குழாயோ போதும். பின்னாளில் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று விரிவாக்கும் எண்ணம் இருந்தால், சொட்டுநீர் அமைப்பை முழு விலைக்கு வாங்கிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்குச் செல்லும்போது சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், வட்டாட்சியர் தரும் சிறு குறு விவசாயிச் சான்று, ஒளிப்படம் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிறு குறு விவசாயிச் சான்று கைக்கு வரவே நாளாகும் என்பதால், அதற்கு மட்டும் கோடையிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. குத்தகை நிலமாக இருந்தால் பதிவு செய்த ஒப்பந்தம் கேட்பார்கள்.

4. குழித்தட்டில் விதைத்தல்

ஃப்ளாக்ஸ் வேர் அசைவைப் பொறுக்காத செடி. நாற்றங்கால் பாத்தியில் தூவி, பிடுங்கி நட்டால் பாதி செத்துவிடும். குழித்தட்டில் வளர்த்தால், வேர்ப்பந்து கலையாமல் எடுத்து நட முடியும்.

தென்னை நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து உதிர்த்தவுடன் அப்படியே நிரப்பிவிடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். அலசாத நார்க்கழிவில் முளைக்கும் நாற்றின் இலை நுனி பழுப்பேறி நிற்கும், அதை நோய் என்று நினைத்து மருந்தடித்துக்கொண்டிருப்போம். அலசியதில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு சலித்த மண்புழு உரமும், கலவை கிலோவுக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியும் கலந்துகொள்ளுங்கள். கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் கசிய வேண்டும்; ஒழுகினால் ஈரம் மிகுதி.

குழிக்கு இரண்டு விதை வீதம், அரை சென்டிமீட்டருக்கு மிகாத ஆழத்தில் போட்டு, அதே கலவையால் மூடி மெல்ல அழுத்துங்கள். முளைப்புத்திறன் 60 சதவீதமாக இருந்தாலும், இந்தக் கணக்கில் மூன்று தட்டுகளின் 294 குழிகளில் 240 குழிகளுக்குமேல் ஒரு நாற்றாவது கிடைத்துவிடும். 100 சதுர அடிக்குத் தேவைப்படுவதும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

இனிதான் முக்கியமான பகுதி. ஃப்ளாக்ஸ் விதைக்கு முளைக்கும் வரை இருட்டு வேண்டும். செண்டுமல்லிக்கும் ஜின்னியாவுக்கும் செய்வதுபோல் தட்டை வெளிச்சத்தில் வைத்துவிட்டு, விதை சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் பலர். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே காலித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, கறுப்புப் பாலிதீன் தாளால் முழுவதும் சுற்றி, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையின் தரையில் வையுங்கள். மாடியிலோ, தகரக் கூரைக்குக் கீழோ, குளிர்பதனப் பெட்டியின் பின்புறச் சூட்டிலோ வைக்கக் கூடாது. சமவெளியில் இருப்பவர்கள் சுற்றிலும் ஈரச் சாக்கு போட்டு வைத்தால் ஓரிரு டிகிரி குறையும்.

முளைக்க எட்டு முதல் பதினைந்து நாள் வரை ஆகும். ஐந்தாம் நாளிலிருந்து காலையும் மாலையும் தாளை விலக்கிப் பாருங்கள். வெளிறிய தண்டு வளைந்து தலை தூக்குவது அங்கங்கே தெரிந்ததும், அன்றைக்கே மூடியை எடுத்துவிட்டு, வெளிச்சமுள்ள, மழை படாத இடத்துக்குத் தட்டுகளை மாற்றிவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் முளைக்கட்டும்" என்று ஒரு நாள் கூடுதலாக மூடிவைத்தால், முளைத்தவை நூலாக நீண்டு சாய்ந்துவிடும். அவற்றை மீட்க முடியாது.

5. நாற்றுப் பருவம்

முதல் வாரம் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வைத்து, பின்னர் படிப்படியாக வெயிலுக்குப் பழக்குங்கள். இரண்டு நாற்றும் முளைத்த குழியில் மெலிந்ததைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் அசையும். தண்ணீர் காலையில் மட்டும். மாலையில் ஊற்றி இரவு முழுவதும் ஈரமாக விட்டால் நாற்றழுகல் வரும். மண்மட்டத்தில் தண்டு சுருங்கி நாற்று மடிந்து விழுவதே அதன் அடையாளம். கண்டவுடன் அந்தக் குழிகளை அகற்றிவிட்டு, மற்றவற்றுக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். நாற்று நிலைபெற்றதும் லிட்டருக்கு ஒரு கிராம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரம்) கரைசலை ஒரு தடவை கொடுத்தால் போதும்.

6. பாத்தி தயாரித்தல், நடவு

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும், தண்ணீர் தேங்காத இடம் வேண்டும். அடியுரமாக 100 சதுர அடிக்கு 25 கிலோ மக்கிய தொழுவுரமும் 2 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் இட்டுக் கொத்தி, மூன்றடி அகலம், அரையடி உயரத்தில் மேட்டுப்பாத்தி அமையுங்கள். மக்காத சாணம் கூடாது. யூரியாவைக் கண்ணிலேயே காட்ட வேண்டாம். இலை செழித்து, தண்டு நொய்ந்து, சாம்பல் நோய்க்கு வாசல் திறந்துவிடும்.

விதைத்த மூன்று நான்கு வாரத்தில், முதலில் வரும் விதையிலைகளைச் சேர்க்காமல் நான்கைந்து உண்மை இலை வந்த நாற்றை மாலை நேரத்தில் நடுங்கள். இதற்கு மேல் தட்டிலேயே விட்டால் வேர் சுருண்டு, செடி குள்ளமாகவே பூத்துவிடும். இடைவெளி 20 சென்டிமீட்டர். அதாவது 100 சதுர அடிக்குச் சுமார் 230 செடி. நெருக்கி நட்டால் தண்டு நீளும் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் 15 சென்டிமீட்டருக்குக் கீழே போவது நோயை விலைகொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும்.

நட்ட பின் வைக்கோலோ காய்ந்த சருகோ போட்டு மண்ணை மூடுங்கள். ஃப்ளாக்ஸின் தண்டும் இலையும் பிசுபிசுப்பான ரோமம் கொண்டவை. மழைத்துளி தெறிக்கும் செம்மண் அதில் ஒட்டிக்கொண்டால் கழுவினாலும் போகாது. அறுவடையின்போது கீழ்த்தண்டு முழுவதும் மணல் பூசியதுபோல் இருக்கும் பூவை எந்தப் பூக்கடையும் எடுக்காது.

7. நுனி கிள்ளுதலும் தாங்கு வலையும்

செடி 10 சென்டிமீட்டர் உயரம் வந்ததும், நான்கு ஜோடி இலையை விட்டு நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராது, முதல் பூ ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போகும். ஆனால் கிள்ளாத செடி ஒரு நடுத்தண்டையும் சில சிம்புகளையும் மட்டுமே தரும். கிள்ளியது அடியிலிருந்தே சம நீளத்தில் பல கிளைகளை எழுப்பும். சமவெளியில் நவம்பர் கடைசிக்கு மேல் விதைத்தவர்கள் கிள்ள வேண்டாம், அவர்களுக்கு அந்த ஒரு வாரமே பெரிது.

கிள்ளிய கையோடு, பாத்தியின் ஓரங்களில் குச்சி ஊன்றி, 20 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டம் கட்டமாகச் சணல் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். செடி அதனூடே வளர்ந்துவிடும். சாய்ந்த பிறகு கட்டினால் பயனில்லை. சாய்ந்த தண்டு நுனியில் வளைந்து நிமிர்வதால், வெட்டும்போது கோணலாகவே இருக்கும்.

8. சாம்பல் நோயும் மற்றவையும்

இந்தச் செடியின் முதல் எதிரி சாம்பல் நோய். பகலில் வெயிலும் இரவில் பனியுமாக இருக்கும் டிசம்பர், ஜனவரியில் அடி இலைகளில் மாவு தூவியதுபோல் தோன்றும். தண்ணீரை இலைமேல் படாமல் வேரில் விடுவதும், அடி இலைகளைக் கழித்துக் காற்றோட்டம் தருவதும் பாதி வேலையைச் செய்துவிடும். தோன்றியவுடன் லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகத்தைக் காலை வேளையில் தெளியுங்கள். வெயில் கடுமையான பகலில் தெளித்தால் இலை கருகும்.

அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து தெளிக்கலாம். ஆனால் கந்தகம் தெளித்த இரண்டு வாரத்துக்குள் எண்ணெய் எதையும் தெளிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் செடியே கருகும். இந்த எச்சரிக்கையை மருந்துக்கடையில் யாரும் சொல்வதில்லை. எந்தத் தெளிப்பு என்று செய்தீர்கள் என்பதைப் பாத்தி ஓரத்தில் ஓர் அட்டையில் குறித்துவைத்தால் குழப்பம் வராது.

9. அறுவடை

காலை எட்டு மணிக்கு முன், பனி உலர்ந்து வெயில் ஏறுவதற்குள் வெட்டிவிட வேண்டும். கொத்தில் ஏறத்தாழ பாதிப் பூக்கள் விரிந்திருப்பதே சரியான பதம். இறுக்கமான மொட்டாக வெட்டினால் ஜாடியில் விரியாது. முழுவதும் விரிந்த பிறகு வெட்டினால் வழியிலேயே இதழ் கொட்டும். அடியில் இரண்டு ஜோடி இலையை மட்டும் விட்டு ஆழமாக வெட்டுங்கள். பூவைக் காப்பாற்றுவதாக நினைத்து மேலோட்டமாக வெட்டினால் அடுத்து வரும் தண்டும் குட்டையாகவே வரும்.

கழுவிய வாளியில் நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு, வெட்டிய நொடியே தண்டை அதில் இறக்குங்கள். நீரில் மூழ்கும் இலையை உருவிவிட்டு, நிழலான குளிர்ந்த அறையில் மூன்று நான்கு மணி நேரம் நிற்க வைத்த பிறகே கட்டு கட்ட வேண்டும். பழுக்கும் வாழைப்பழம், மாம்பழம், வண்டிப் புகை ஆகியவற்றிலிருந்து வரும் எத்திலீன் வாயு இந்தப் பூவை உதிர வைக்கும். வீட்டு ஜாடியாக இருந்தாலும் பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தண்ணீரை இரண்டு நாளுக்கொரு முறை மாற்றினால் ஒரு வாரம் தாங்கும்.

10. எங்கே விற்பது

மொத்தப் பூச்சந்தைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். அங்கே மல்லியும் செவ்வந்தியும் கிலோ கணக்கில் கைமாறும் உதிரிப்பூ வணிகமே பிரதானம். ஃப்ளாக்ஸுக்கு எடையும் இல்லை, விலை சொல்ல ஆளும் இல்லை. பூங்கொத்து கட்டும் கடைகளும் திருமண மேடை அலங்காரம் செய்பவர்களுமே இதை வாங்குவார்கள். விதைக்கும் முன்பே அவர்களில் இருவரிடமாவது ஒளிப்படத்தைக் காட்டிப் பேசி, எந்த நிறம் வேண்டும், எந்த முகூர்த்த வாரங்களில் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மார்கழியில் திருமணம் இல்லை என்பதை மறந்து, டிசம்பர் நடுவில் பூ குவியும்படி விதைத்துவிட்டுத் திண்டாடுபவர்கள் உண்டு. தை முகூர்த்தங்களைக் குறிவைப்பது லாபம். பத்துத் தண்டு ஒரு கட்டு என்பது பேசிக்கொள்ள வசதியான அளவு. பெட்டியில் அடைத்து அனுப்பினால் வாடிவிடும். வாளித் தண்ணீரில் நிறுத்தியே கொண்டுசெல்ல வேண்டும் என்பதால், அன்றே சென்று சேரும் தூரத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

11. அடுத்த பருவத்துக்கு விதை எடுத்தல்

எஃப்1 கலப்பினத்திலிருந்து (இரண்டு வகைகளைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை) விதை எடுப்பதில் பயனில்லை. மற்ற வகைகளிலும் நிறங்கள் கலந்தே வரும், பல வகைகளை அருகருகே வளர்த்திருந்தால் நிச்சயமாகக் கலக்கும். அது பரவாயில்லை என்றால் நல்ல உயரமான செடிகள் சிலவற்றைப் பிப்ரவரியில் வெட்டாமல் விட்டுவையுங்கள். காய் வைக்கோல் நிறத்துக்கு மாறியதும் பறித்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் அது மூன்று பிளவாக வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். பறித்த காய்களை அட்டைப் பெட்டியில் பரப்பி, மேலே மெல்லிய துணி கட்டி நிழலில் வையுங்கள். நண்பகலில் காய் வெடித்து விதை அட்டையில் மோதும் ஓசை படபடவென்று கேட்கும். வெடித்து ஓய்ந்ததும் உமியைப் புடைத்து நீக்கி, காற்றுப் புகாத புட்டியில் வகைப் பெயரும் தேதியும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம்.

விதைக்கும் தேதிக்கு மூன்று வாரம் முன்பு, அதிலிருந்து இருபது விதையை எடுத்து ஈரக் காகிதத்தில் மடித்து, மூடிய டப்பாவில் குளிர்ந்த இடத்தில் வைத்துச் சோதியுங்கள். பத்துக்குமேல் முளைத்தால் குழிக்கு இரண்டு வீதமே போதும். ஐந்தாறு மட்டும் முளைத்தால் குழிக்கு மூன்று நான்காகப் போடுங்கள். அதற்கும் குறைந்தால் புது விதைக்குச் சொல்லி அனுப்ப இன்னும் நேரம் இருக்கும்.